நமக்கு நாமே கொடுக்கும் வாக்கு: சுய ஒழுக்கத்தைப் புதிதாகப் பழகுபவர்களுக்கு

சிறு குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்தது, 2013-ல் வெளியானது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். முதலில் படம் வரையப் பழைய கிரேயான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்திருந்தால் இதைவிட நல்லது கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே புதுப் பொருட்கள் வந்தன. மீதிப் பேருக்கு வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லையாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கதை. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது: இந்த ஒரு மிட்டாயை இப்போதே சாப்பிடலாம், 15 நிமிடம் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்.

பெரியவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது. நம்மில் பலர் நமக்கு நாமே அந்த வெறுங்கைப் பெரியவராக இருந்து வந்திருக்கிறோம். நாளை காலை ஓடப்போகிறேன், இந்த மாதத்திலிருந்து சேமிக்கப்போகிறேன், தேர்வுக்கு முன்கூட்டியே படிக்கப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் செய்யாமல் விட்டிருக்கிறோம். உள்ளே ஒருவர் அதையெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார். அடுத்த தீர்மானம் எடுக்கும்போது அவர் நம்புவதில்லை. கைக்கு எட்டுவதை இப்போதே எடுத்துக்கொள் என்கிறார்.

அதனால் நான் சுய ஒழுக்கம் என்று சொல்வது ஒன்றைத்தான்: நமக்கு நாமே கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பழக்கம். விடியற்காலை எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, தன்னைத்தானே வருத்திக்கொள்வது எல்லாம் இதில் சேராது. கீழே வரும் படிகள் எல்லாமே போன நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிப்பதற்காகத்தான்.

முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வாழ்க்கையில் சரிசெய்ய நினைப்பதையெல்லாம் எழுதுங்கள். உடற்பயிற்சி, படிப்பு, தூக்கம், செலவு, கோபம், எது வந்தாலும் எழுதுங்கள். பட்டியல் நீளமாகத்தான் வரும். அதில் ஒன்றை மட்டும் வட்டமிட்டுவிட்டு, தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னைத் திருத்திக்கொள்ள 13 நற்குணங்களைப் பட்டியலிட்டார். சிறிய நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, தவறிய ஒவ்வொரு முறையும் கரும்புள்ளி வைத்தார். அவ்வளவு முனைப்பான மனிதரே 13-ஐயும் ஒரே நேரத்தில் பிடிக்க முயலவில்லை. வாரத்துக்கு ஒன்று என்று கவனத்தைக் குவித்தார். அப்படியும் 'ஒழுங்கு' என்ற குணம்தான் தன்னை மிகவும் படுத்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் ஒரு வாரமும் போதாது. குறைந்தது இரண்டு மாதம் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எதை வட்டமிடுவது? மிக முக்கியமானதை எடுக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தினமும் செய்யக்கூடியதாக, செய்தோமா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூடியதாக, பிறருடைய தயவு தேவைப்படாததாக ஒன்றை எடுங்கள். 'ஆரோக்கியமாக வாழ்வது' என்பதை யாராலும் கணக்கிட முடியாது. 'பத்து நிமிடம் நடப்பது' என்றால் நடந்தோமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மோசமான நாளுக்கு ஏற்ற அளவு

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். தீர்மானம் எடுக்கும் நேரத்தில் நமக்கு உற்சாகம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, அடுத்த நாள் வேலை எதுவும் நினைவுக்கு வருவதில்லை. அந்த மனநிலையில் தினமும் ஒரு மணி நேரம் என்று எழுதிவிடுகிறோம். அதை நிறைவேற்ற வேண்டியவரோ வேறு ஆள். வேலை முடிந்து களைத்து வந்தவர், தலைவலியோடு இருப்பவர், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத நாளில் இருப்பவர்.

ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: என் வாழ்க்கையின் சாதாரண மோசமான நாளில்கூட இதைச் செய்ய முடியுமா? தயக்கம் வந்தால் பாதியாக்குங்கள். மறுபடியும் கேளுங்கள். "இதுகூடவா முடியாது" என்று தோன்றும் வரை குறையுங்கள். அரை மணி நேரப் படிப்பு இரண்டு பக்கமாகலாம். உடற்பயிற்சி ஐந்து முறை உட்கார்ந்து எழுவதாகலாம். அதுதான் உங்கள் வாக்கு. அதற்கு மேல் செய்யும் நாளில் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அது வாக்கில் சேராது.

நான் படம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் பல வருடங்கள் வீணாக்கினேன். ஒவ்வொரு முறையும் தினம் ஒரு மணி நேரம் என்று டைம்டேபிள் போடுவேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் வரைவேன், நான்காம் நாள் நோட்டு அலமாரிக்குள் போய்விடும். கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு பொருள், ஒரு கோட்டோவியம், அதுவும் உள்ளங்கை அளவில் என்று வைத்துக்கொண்டேன். சாவி, செருப்பு, தண்ணீர்க் குவளை. காய்ச்சல் வந்த நாளில்கூட ஒரு பொத்தானை வரைந்தேன். அந்தப் பொத்தான் படம் ஒன்றும் அழகாக இல்லை. ஆனாலும் அன்றைக்குத்தான், நான் சொன்னால் செய்வேன் என்ற எண்ணம் எனக்கே முதல்முறையாக வந்தது. அந்த உணர்வை வார்த்தையில் சொல்வது கடினம், அனுபவித்தால் புரியும்.

முதல் இரண்டு வாரம் வாக்கின் அளவைக் கூட்டவே கூடாது. உற்சாகம் பொங்கினாலும் கூடாது.

எப்போது, எங்கே

"செய்வேன்" என்பது விருப்பம். "இது நடந்தவுடன், இங்கே, இதைச் செய்வேன்" என்பது திட்டம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று 2002-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். வெறுமனே விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்திய குழுவில் 35 சதவீதம்தான். அதே ஊக்கத்தோடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்து முடித்தார்கள். ஊக்கமூட்டும் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு நேரம் கழிப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆசை இவர்களுக்கும் குறைவாக இல்லை. எப்போது, எங்கே என்று முடிவு செய்யாமல் விட்டதுதான் குறை.

உங்கள் வாக்கியத்தை எழுதும்போது கடிகார நேரத்தைவிட ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு செயலோடு அதைக் கட்டுவது நல்லது. மாலை ஆறு மணி கவனிக்காமலே கடந்துவிடும். பல் துலக்குவதை யாரும் தவறவிடுவதில்லை. சில எடுத்துக்காட்டுகள்:

"காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பேன்."

"வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன், தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன்."

"சம்பளம் கணக்கில் ஏறியதாகத் தகவல் வந்தவுடன், சேமிப்புத் தொகையை வேறு கணக்குக்கு மாற்றுவேன்."

மூன்றிலும் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது, செயல் இருக்கிறது, இடையில் யோசிக்க இடமில்லை. "சாயங்காலம் நேரம் கிடைத்தால் படிப்பேன்" என்று எழுதினால் அது நிச்சயம் தோற்கும். நேரம் கிடைத்ததா என்று ஒவ்வொரு நாளும் உங்களையே விசாரிக்க வேண்டியிருக்கும். அந்த விசாரணையில் சோம்பல்தான் நன்றாக வாதாடும்.

வாக்கியத்தைக் கையால் எழுதி, செயல் நடக்கும் இடத்திலேயே ஒட்டி வையுங்கள். அப்புறம், தடங்கலுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பேன்." "விருந்தினர் வந்திருந்தால் தூங்கும் முன் இரண்டு பக்கம் படிப்பேன்." வழக்கமாக எது வந்து கெடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது வரும் முன்னே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் படாமல் வையுங்கள்

மிட்டாய்ச் சோதனையை முதலில் வடிவமைத்தவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் மிஷெல். அவரும் எபே எபெசன் என்ற ஆய்வாளரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டங்கள் கண்முன்னே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். பார்வையில் படாதபடி எடுத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஆசை அதேதான், குழந்தைகளும் அதே வயதினர்தான்.

பெரியவர்களிடமும் இதை ஒத்த ஒன்று தெரிகிறது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹாஃப்மனும் சக ஆய்வாளர்களும் 205 பேரிடம் ஒரு வாரம், நாளுக்குப் பலமுறை, அந்த நேரத்தில் என்ன ஆசை எழுந்தது, அதோடு போராடினார்களா என்று கேட்டார்கள். சுயகட்டுப்பாடு மிகுந்தவர்கள் அதிகம் போராடுபவர்களாக இருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் சொன்ன பதிலில் போராட்டம் குறைவாகவே இருந்தது. சலனம் வரும் இடத்திலேயே அவர்கள் நிற்பதில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

செல்போனை எடுத்துக்கொள்வோம், இன்று பெரும்பாலானவர்களின் வாக்கு உடைவது அதனால்தான். "போனைப் பார்க்கக் கூடாது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அதை மேசைமேல் வைத்திருப்பது வீண் வேலை. படிக்கும் நேரத்தில் வேறு அறையில் வையுங்கள். இரவிலும் அப்படியே. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலாரத்தை அணைக்கக் கை போனிடம்தான் போகும், பிறகு அரை மணி நேரம் போய்விடும். நேரத்தைத் தின்கிற ஆப்பை நீக்கிவிட்டுத் தேவையானபோது பிரவுசரில் பாருங்கள், பார்த்து முடித்ததும் லாக் அவுட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், பாதி முறை கை தானாக நின்றுவிடும். மனிதர்கள் அனுப்பும் செய்திகளைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை மொத்தமாக அணைத்துவிடலாம்.

நல்ல செயலுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். படிக்க வேண்டிய புத்தகம் பக்கம் திறந்தபடி நாற்காலியில் இருக்கட்டும். நடைப்பயிற்சிக்கான உடை முந்தைய இரவே எடுத்து வைத்திருக்கட்டும். என் வரைபட நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கும், பென்சில் சீவி அதன்மேல் இருக்கும். உட்கார்ந்தால் போதும், தொடங்கிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்கு முந்தைய நாள் இரவு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றையும்விடப் பலன் தருவது.

ஆசை எழும்போது

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில நேரம் ஆசை வந்தே தீரும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு உதவிய உளவியலாளர் ஆலன் மார்லட், ஆசையை அலையாகப் பார்க்கச் சொன்னார்: எழும், உச்சம் தொடும், தாழும். அதை எதிர்த்துத் தள்ள வேண்டாம். உடம்பில் எங்கே அந்தப் பரபரப்பு தெரிகிறது என்று கவனித்தபடி இருந்தால் போதும். நான் செய்வது எளிது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அறையை விட்டு எழுந்து போய்விடுவேன். பத்து நிமிடம் கழித்தும் அதே ஆசை அதே வேகத்தில் நிற்பது அரிது.

குறித்து வைப்பது

சுவரில் தேதிகள் மட்டும் உள்ள ஒரு நாட்காட்டி, பக்கத்தில் ஒரு பேனா. செய்த நாளில் ஒரு குறி. பிராங்க்ளின் தவறுகளைக் குறித்தார், நான் செய்ததைக் குறிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் கட்ட நினைப்பது நம்பிக்கை. எத்தனை நிமிடம், எத்தனை பக்கம் என்றெல்லாம் எழுத வேண்டாம். வாக்கு காப்பாற்றப்பட்டது, அவ்வளவுதான். நம்பிக்கையான ஒருவரிடம் ஞாயிறுதோறும் அந்த நாட்காட்டியைக் காட்டினால் இன்னும் நல்லது. அறிவுரை சொல்லாமல் பார்க்க மட்டும் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

தவறிய நாள்

தவறும். எல்லாருக்கும் தவறும். அடுத்த 24 மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று கணித்து 2010-ல் வெளியிட்டது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஆகவே 22-ஆம் நாளிலும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் "சரி, எல்லாம் போச்சு" என்று மொத்தத்தையும் விடுவதுதான் நம்மைக் கவிழ்க்கிறது. கனடாவில் 119 மாணவர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொள்வது பொறுப்புணர்வு என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். திட்டு வாங்கியவர் வேலைக்குப் பக்கத்திலேயே போக விரும்பமாட்டார், அது நமக்குள்ளும் அப்படித்தான்.

தவறிய மறுநாள் செய்ய வேண்டியது: அதே சின்ன அளவை மட்டும் செய்யுங்கள். நேற்றையதையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், அது தண்டனையாகிவிடும். தொடர்ந்து இரண்டு நாள் தவறினால் உட்கார்ந்து திட்டத்தைப் பாருங்கள். அளவு பெரிதாகிவிட்டதா? தொடக்கப் புள்ளி மாறிவிட்டதா? வழியில் புதிதாக ஏதாவது வந்து கிடக்கிறதா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். திருத்தி எழுதி மறுபடி ஒட்டுங்கள்.

சோம்பல் என்று தோன்றுவதெல்லாம் சோம்பல் ஆகாது

மன உறுதி பேட்டரி போலத் தீர்ந்துபோகும் என்ற கருத்து 1998-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்த விளைவைச் சோதித்தபோது ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை. எனவே "இன்றைக்கு என் மன உறுதி தீர்ந்துவிட்டது" என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு ஆதாரமில்லை. ஆனால் தூக்கமின்மை உண்மையானது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை. தினமும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டுத் தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொள்பவர்கள், வேறு எதையும் தொடங்கும் முன் தூக்கத்தையே தங்கள் முதல் வாக்காக எடுக்கலாம்.

இன்னொன்று. பல வாரங்களாக எதிலும் ஆர்வமில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை, அழுகை வருகிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே எதையும் தொடங்கி முடிக்க முடியாமல் தவித்தவர்களுக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம். இவற்றுக்கு மருத்துவ உதவி இருக்கிறது. தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். இதைப் படித்துவிட்டு இன்னும் கடுமையாகத் தன்னை வருத்திக்கொள்ளும் ஒருவரை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

கூட்டுவது எப்போது

செய்யாவிட்டால் ஏதோ விட்டுப்போனது போல உறுத்தும் நாள் ஒன்று வரும். அதுவரை பொறுங்கள். அப்புறம் நான்கில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். நாலு பக்கம் ஐந்தாகட்டும், இருபது நிமிடம் இருபத்தைந்தாகட்டும். கூட்டிய பின் ஒரு வாரத்தில் இரண்டு முறை தவறினால் பழைய அளவுக்கே திரும்புங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதெல்லாம் வளர்ந்த பிறகு வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நியூசிலாந்தின் டுனெடினில் 1972–73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். சிறுவயதில் சுயகட்டுப்பாடு மிகுந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பண விஷயத்திலும் பொதுவாக நன்றாக இருந்தார்கள். சிறுவயதில் பின்தங்கியிருந்து, இளமைக்குள் அதில் முன்னேறியவர்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள்.

முதல் வாக்கு நிலைத்த பிறகு, மடித்து வைத்த தாளைத் திறந்து இரண்டாவதை வட்டமிடுங்கள். முதலில் எழுதிய சில விஷயங்கள் இப்போது தேவையே இல்லை என்று தோன்றக்கூடும், அவற்றை அடித்துவிடலாம். புது வாக்கையும் மோசமான நாளின் அளவுக்குச் சுருக்கி, முதல் வாக்கு முடிகிற இடத்திலேயே தொடங்குமாறு எழுதுங்கள். எனக்கு வரைந்து முடித்து நோட்டை மூடுவதுதான், மறுநாளுக்கான மூன்று வேலைகளைத் தாளில் எழுத உட்காரும் நேரம்.